அட்டை டாங்கின்னா இளக்காரமா?

கொஞ்ச நாளா மனசுல கிடந்து குமைஞ்சுட்டிருந்த மேட்டர். இன்னிக்கு எழுதியே தீர்க்கணும்னு உக்காந்துட்டேன். நீளமான பதிவு, டீ காபி எடுத்துட்டு வந்துடுங்க மக்களே.

மூணு மாசம் முன்னால ஸ்கேல் மாடல் போட்டி ஒண்ணுக்கு என் அர்ஜுன் டாங்கியை அனுப்பியிருந்தேன். எந்த ஊரு, யார் நடத்தினதுங்கறதெல்லாம் வேண்டாம். பேர் சொல்லி சண்டை பிடிக்கிற வயசு தாண்டிடுச்சு. 1/35 அளவு, முழுக்க அட்டையும் காகிதமும். ஏழு மாசத்து ராத்திரி வேலை. பதில் ரெண்டே வரியில வந்துச்சு. போட்டி பிளாஸ்டிக், ரெசின் மாடல்களுக்கு மட்டும்தானாம். அட்டையில செஞ்சதை வேணும்னா "பள்ளிக் கைவினைப் பொருட்கள்" பிரிவுல வச்சுக்கலாமாம்.

எனக்கு நாப்பத்தாறு வயசு சாமி. பள்ளிக் கைவினை! :-)

இதோட போயிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா எங்க தெருவுல ஒரு பையன் இருக்கான், ஒன்பதாம் வகுப்பு. அப்பா அம்மா ரெண்டு பேரும் பட்டாசு ஆலைக்குப் போறவங்க. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா எங்க வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்து என்கூட அட்டை வெட்டறான். அவன்தான் அந்தப் பதிலைப் படிச்சுட்டு கேட்டான்: "அப்ப நாம இத்தனை நாளா செஞ்சது மாடல் இல்லையா மாமா?"

அந்தக் கேள்விக்கு ஒத்தை வரியில பதில் சொல்ல முடியலை. அதான் இந்தப் பதிவு.

முதல்ல என் பொழப்பைப் பத்தி ரெண்டு வரி, மேட்டருக்கு அது வேணும். சிவகாசியில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல பட்டாசு டப்பாவுக்கு லே-அவுட் போடற ஆளு நான். பூச்சட்டி, சங்கு சக்கரம், பிஜிலி வெடி எல்லாத்துக்கும் டப்பா இருக்குல்ல? அதைப் பிரிச்சு தரையில விரிச்சா எப்படி இருக்குமோ அப்படி கோரல் டிராவுல வரையணும். எங்க மடிக்கணும், எங்க ஒட்டுக்காது வரணும், எங்க டை வெட்டணும், எல்லாம் அரை மில்லிமீட்டர் கணக்கு. இருபது வருஷமா முப்பரிமாணப் பொருளைத் தட்டையா விரிக்கிறதுதான் எனக்குச் சோறு போடுது. ஒரு நாள் தோணுச்சு: டப்பாவை விரிக்கத் தெரிஞ்சவனுக்கு டாங்கியை விரிக்கத் தெரியாதா?

தெரிஞ்சுச்சு. அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடிச்சது. கட்டிங் மெஷின்ல விழற கிரே போர்டு, டூப்ளெக்ஸ் போர்டு துண்டுதான் மூலப்பொருள். பிரஸ் அண்ணாச்சி எடைக்குப் போடறதுக்கு முன்னாடி "உனக்கு வேணுங்கறதை எடுத்துக்கப்பா"ன்னுடுவார்.

இப்ப அட்டைன்னா இளக்காரம்னு சொல்றவங்க வாதத்தை ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம்.

வாதம் 1: அட்டையில துல்லியம் வராது

இதைச் சொல்றவங்க கால்குலேட்டரைத் தொட்டதே இல்லைன்னு நினைக்கிறேன். 1/35 அளவுல ஒரு மில்லிமீட்டர்ங்கறது நிஜத்துல 35 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கை அச்சுல ஊத்தும்போது ரொம்ப மெலிசா ஊத்த முடியாது, உருகின பிளாஸ்டிக் ஓரம் வரைக்கும் போய்ச் சேராது. அதனால பெரும்பாலான கிட்டுல மட்கார்டு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அதாவது நிஜ டாங்கியில கிட்டத்தட்ட ஒன்றரை அங்குல இரும்பு! மட்கார்டுக்கு எவனாவது ஒன்றரை அங்குல இரும்பு போடுவானா?

சாதாரண 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர் 0.1 மி.மீ. 35-ஆல பெருக்கினா மூன்றரை மி.மீ. நிஜத் தகட்டுக்குப் பக்கத்துல யாரு நிக்கறா, நீங்களே சொல்லுங்க. பிளாஸ்டிக் கிட் செய்யறவங்களுக்கும் இது தெரியும். அதனாலதான் கிட்டுல வர்ற மட்கார்டைக் கழட்டிப் போட்டுட்டு, அமிலத்துல அரிச்ச மெல்லிய பித்தளைத் தகட்டைத் தனியா காசு கொடுத்து வாங்கி ஒட்டறாங்க. நல்ல வேலைதான், நான் குறை சொல்லலை. பித்தளை வாங்கினா அது "டீடெயிலிங்", அதே இடத்துல நான் காகிதம் ஒட்டினா "கைவினை"யா? என்ன நியாயம்யா இது?

அதைவிட முக்கியமானது ஒண்ணு. அர்ஜுனோட டரட்டைப் படத்துல உத்துப் பாருங்க. முன்னால செங்குத்தா நிக்கற தட்டை முகம், பக்கவாட்டுல தட்டைச் சுவர், மேல தட்டைக் கூரை. தகடு தகடா வெட்டி வெல்டு வச்சது. நிஜ டாங்கி எப்படி உருவாகுதோ அதே மாதிரிதான் அட்டை டாங்கியும் உருவாகுது: தகடு வெட்டு, கோணம் பாரு, விளிம்போட விளிம்பு சேர்த்து ஒட்டு. செஞ்சு முடிக்கும்போது அந்த வண்டியைப் பத்தி ஏதோ புரிஞ்ச மாதிரி இருக்கும். ஏன் இந்தத் தகடு இந்தக் கோணத்துல சாயுது, மூடி எந்தப் பக்கம் திறக்குது, உள்ள இருக்கறவன் எப்படி வெளிய வருவான்னு கேள்வி தானா வரும்.

வாதம் 2: 1/35 பிளாஸ்டிக் கிட்தான் இந்தக் கலையோட மரபு

மரபு! சரி, மரபைப் பாப்போம்.

1/35-ங்கற அளவு எங்கேர்ந்து வந்துச்சு? ஜப்பான்ல ஷிஸுவோகாங்கற ஊர்ல இருக்கற தாமியா கம்பெனி 1961-ல ஜெர்மனியோட பேந்தர் டாங்கியை மோட்டார் வச்ச பிளாஸ்டிக் மாடலா கொண்டுவந்துச்சு. மோட்டாரும் பேட்டரியும் உள்ள அடங்கணும், அதுக்கு ஏத்த மாதிரி உடம்பு அளவை வச்சாங்க. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தா அது சுமார் 1/35-ன்னு வந்துச்சு. அவ்வளவுதான். உலகமே இன்னிக்குக் கும்புடற அந்த அளவு ஒரு பேட்டரி சைஸால வந்தது. கம்பெனியை வளர்த்த ஷுன்சாகு தாமியாவே இதைச் சொல்லியிருக்கார். மனுஷன் 2025 ஜூலையில தன்னோட 90-வது வயசுல காலமானார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. டாங்கி எப்படி இருக்குன்னு பாக்கறதுக்காக அமெரிக்காவுல அபர்டீன் அருங்காட்சியகம் வரைக்கும் போய்ப் பார்த்து வந்தவர்.

இன்னும் கேளுங்க. தாமியா ஆரம்பத்துல என்ன கம்பெனி தெரியுமா? மரம் அறுக்கற மில்! 1946-ல ஆரம்பிச்சது. மரத்துண்டுல மாடல் செஞ்சு வித்தாங்க. 1951-ல தீப்பிடிச்சு மரக்கட்டையெல்லாம் போச்சு. அப்புறம் மர வியாபாரத்தை விட்டுட்டு மாடலையே முழுநேரத் தொழிலாக்கிட்டாங்க. முதல் பிளாஸ்டிக் மாடல், யமாத்தோ போர்க்கப்பல், 1960-லதான் வந்துச்சு. அதாவது மரபு மரபுன்னு நீங்க சொல்ற அந்தக் கம்பெனியே, ஊர்ல கையில கிடைச்ச மரத்தை வச்சுதான் தொடங்குச்சு. இன்னிக்கு ஜப்பானோட பிளாஸ்டிக் மாடல்ல பெரும்பகுதி ஷிஸுவோகாவுலதான் தயாராகுது.

அட்டைக்கு மரபு இல்லைங்கறதும் பொய். போலந்துல "மாவி மொடெலாஷ்"னு ஒரு பத்திரிகை, "குட்டி மாடல் கலைஞன்"னு அர்த்தம், 1957-ல தொடங்கினது. ஒவ்வொரு இதழும் வெட்டி ஒட்ட வேண்டிய அட்டை மாடல்தான். கப்பல், விமானம், டாங்கி எல்லாம் வந்துச்சு. பிளாஸ்டிக் கிட் சுலபத்துல கிடைக்காத கம்யூனிஸ்ட் காலத்துல, ஒரு தலைமுறைப் பசங்க கத்திரிக்கோலும் பசையும் வச்சே இந்தக் கலையைக் கத்துக்கிட்டாங்க. அந்தப் பழக்கம் அங்க இன்னும் போகலை. டாங்கிக்கு 1/25-ன்னு தனி அளவே வச்சிருக்காங்க, அதுல சக்கரத்தோட நட்டு வரைக்கும் காகிதத்துல செய்யறவங்க இருக்காங்க. அவங்ககிட்ட போய் "பள்ளிக் கைவினை"ன்னு சொல்லிப் பாருங்க.

வாதம் 3: கிட்டை வாங்கினா முடிஞ்சு போச்சு, ஏன் இந்த வம்பு?

வாங்கறதா? எந்தக் காசுல? நான் விசாரிச்ச வரைக்கும் நல்ல 1/35 டாங்கி கிட், கூட பெயிண்டு, பசை எல்லாம் சேர்த்தா ஆயிரக்கணக்குல போகுது. நம்ம சுங்க அட்டவணையில பொம்மையும் ஸ்கேல் மாடலும் ஒரே தலைப்புல வருது, 9503. அதுக்கான இறக்குமதி வரியை 2020-ல 20 சதவீதத்திலேர்ந்து 60 ஆக்கினாங்க, 2023-ல 70 ஆக்கினாங்க. உள்ளூர்ல பொம்மை செய்யறவங்களைக் காப்பாத்தன்னு சொன்னாங்க, அது தனி விவாதம். ஆனா விருதுநகர் மாவட்டத்துல பட்டாசு ஆலைக்கூலி வாங்கற வீட்டுப் பையன் அந்த கிட்டை எப்ப தொடப் போறான்? "பிளாஸ்டிக் மட்டும்தான் மாடல்"னு நீங்க போடற கோடு, கடைசியில யாரை வெளிய நிறுத்துதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?

சரி, காசு இருக்குன்னே வச்சுக்குவோம். எதை வாங்குவீங்க? ஆப்ராம்ஸ், லெப்பர்ட், மெர்காவா, டி-90 பெட்டியெல்லாம் கடையில பார்த்திருக்கேன். ஆவடியில பொறந்த ஒரு டாங்கியோட பெட்டி இதுவரைக்கும் என் கண்ணுல பட்டதில்லை. டி-90 கிட் கூட ரஷ்ய வண்டிதான். அதுல பீரங்கிக்கு ரெண்டு பக்கமும் சிவப்புக் கண்ணு மாதிரி ஷ்டோரா விளக்கு இருக்கும். நம்ம பீஷ்மாவுல அது கிடையாது. அந்த கிட்டை அப்படியே ஒட்டி, மூவர்ணக் கொடி ஸ்டிக்கர் குத்தி "இந்தியன் டி-90"ன்னு வைக்கறவங்களைப் பார்த்திருக்கேன். அதுக்குப் பரிசும் குடுக்கறாங்க! துல்லியம் பேசறவங்க அங்க எங்க போனாங்க?

ஆவடி நம்ம ஊரு. ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி 1961-ல வந்தது. 1965-ல முதல் விஜயந்தா வெளிய வந்துச்சு. பிரிட்டன் விக்கர்ஸ் கம்பெனி டிசைன், 105 மி.மீ. பீரங்கி. ரெண்டாயிரத்துக்கும் மேல செஞ்சாங்க, 1971 போர்ல ஓடுச்சு. அடுத்து அர்ஜுன்: 1974-ல திட்டத்துக்கு அனுமதி, 2004-லதான் முதல் அஞ்சு வண்டியை ராணுவத்துக்குக் கொடுத்தாங்க. நடுவுல முப்பது வருஷ இழுபறி, திட்டு, கேலி எல்லாம் உண்டு. 2021-ல மேம்படுத்தின மார்க் 1ஏ-வுக்கு 118 வண்டி ஆர்டர் வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஃபேக்டரியே புதுக் கம்பெனிக்குக் கீழ போயிடுச்சு. இத்தனை கதை நம்ம ஊர்ல இருக்கு. நம்ம ஆளுங்களோ ஜெர்மன் டைகரோட எந்த மாச உற்பத்தியில எந்த போல்ட்டு மாறுச்சுன்னு விடிய விடிய சண்டை போடறாங்க. விஜயந்தாவுக்கு ஒரு பக்கம் எத்தனை சக்கரம்னு கேட்டா முழிக்கறாங்க. (ஆறு. அர்ஜுனுக்கு ஏழு.)

நான் விஜயந்தாவைப் பாக்கறதுக்காகவே மகாராஷ்டிராவுல அகமத்நகர் டாங்கி மியூசியத்துக்குப் போயிட்டு வந்தேன் (இப்ப ஊர் பேரு அகில்யாநகர்). டேப் வச்சு அளக்கவெல்லாம் இல்லை. பக்கத்துல நின்னு கண்ணுல அளந்துட்டு, ராத்திரி லாட்ஜுல உக்காந்து நோட்டுல வரைஞ்சேன். அர்ஜுனுக்கு குடியரசு தின அணிவகுப்பு வீடியோவும் வெளிய வந்த படங்களும்தான். பீரங்கியோட சேர்த்து நீளம் சுமார் 10.6 மீட்டர், அகலம் 3.86 மீட்டர். 35-ஆல வகுத்தா 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 11 சென்டிமீட்டர். அங்கேர்ந்து ஒவ்வொரு தகடா விரிச்சேன். "ராணுவ ரகசியம்"னு யாரும் பயப்பட வேண்டாம், எல்லாம் டிவியில வந்த வண்டிதான்.

ஒத்துக்கறேன், ஒத்துக்கறேன்

அட்டையால எல்லாம் முடியும்னு அளக்க மாட்டேன். டி-72 மாதிரி வார்ப்புல செஞ்ச உருண்டை டரட் அட்டைக்கு எமன். நாலு தடவை முயற்சி பண்ணி நாலும் நசுங்கின தேங்கா மூடி மாதிரி வந்துச்சு. சக்கரம் வட்டமா வர்றதுக்கு உயிர் போகும். அர்ஜுனுக்குப் பக்கத்துக்கு ஏழு, ஒவ்வொண்ணும் ரெட்டைச் சக்கரம், மொத்தம் இருபத்தெட்டு. கிரே போர்டுல வட்டம் வட்டமா வெட்டி அடுக்கி, ஓரத்துல ஃபெவிக்விக் ஊறவிட்டு கெட்டியாக்கி, உப்புத்தாள்ல தேய்க்கணும். செயின் கண்ணியை டை மேக்கர் கடையில மிச்சமான பிளேடு துண்டுல சின்னதா ஒரு டை பண்ணி குத்தி எடுத்தேன். வெல்டு கோட்டுக்குப் பசையில நனைச்ச தையல் நூல். ஆன்டெனாவுக்கு ஈர்க்குச்சி. ஈரம் பட்டா அட்டை ஊதும். ஆனா அதுக்குப் பயப்பட எங்க ஊரு சரியான ஊரு இல்லை. மழை குறைச்சல், காத்து காய்ச்சல், அதனாலதானே தீப்பெட்டியும் பட்டாசுமே இங்க தங்குச்சு!

பீரங்கிக் குழாயைப் பத்தி மட்டும் தனியா சொல்லணும். அட்டை மாடல்ல குழாயைக் காகிதத்தைச் சுருட்டித்தான் செய்வாங்க, நேரா, கெட்டியா சுருட்டறது பெரிய வித்தை. எனக்கு அது வரவே இல்லை. அந்தப் பையனோட அம்மாதான் ஒரு நாள் பார்த்துட்டு, "இதுக்கா இத்தனை பாடு? இங்க குடுங்கண்ணே"ன்னு வாங்கி, கம்பியில வச்சு ஒரே உருட்டு. ஊசி மாதிரி நேரா வந்துச்சு. வருஷக்கணக்கா வெடிக்குழாய் உருட்டின கை அது. என் அர்ஜுன்ல இருக்கற பீரங்கி அவங்க உருட்டினது. அதைத்தான் அந்த நடுவருங்க பள்ளிக் கைவினைன்னாங்க.

கடைசி வாதம்: போர் ஆயுதத்தை ஏன்யா அழகு பாக்கற?

இது மேல இருக்கற மூணு மாதிரி வறட்டு வாதம் இல்லை. இதைக் கேட்டவர் எனக்கு வேண்டப்பட்டவர், ஈழத்துக்காரர். 1987 அக்டோபர்ல யாழ்ப்பாணத் தெருவுல இந்திய அமைதிப்படையோட டி-72 டாங்கி ஓடினப்ப அவருக்குப் பத்து வயசு. "உங்களுக்கு அது பொம்மை, எனக்கு அது சத்தம்"னார். என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

வெடிச்சா மனுஷ உடம்பு என்னாகும்னு இந்த ஜில்லாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து. முப்பதுக்கும் மேல உயிர் போச்சு. அந்தப் புகையை தூரத்துலேர்ந்து பார்த்தவன் நான். அதனால டாங்கியைப் பள பளன்னு வீர சிலை மாதிரி செஞ்சு வைக்கறதுல எனக்கும் உடன்பாடு இல்லை. அன்னிக்கு அவர்கிட்ட பேசினதுக்கப்புறம் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். என் ஒவ்வொரு மாடலுக்கும் கீழ ஒரு சின்ன அட்டையில, அந்த வண்டி எங்க போச்சு, எந்த வருஷம், யார் மேல ஓடுச்சுன்னு எழுதிடுவேன். டி-72 எனக்கு என்னிக்காவது ஒழுங்கா வந்தா, அதுக்குக் கீழ காஷ்மீரோ ராஜஸ்தானோ இருக்காது. யாழ்ப்பாணம், 1987-ன்னுதான் இருக்கும். டீடெயில்னா போல்ட்டு மட்டும் இல்லைன்னு நான் நம்பறேன். அவருக்கு இது முழு சமாதானம் ஆகலை. ஆகணும்னு எதிர்பார்க்கவும் இல்லை.

அப்ப என்னதான் வேணுங்கற?

சொல்றேன். 1922-ல ரெண்டு பேர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், சிவகாசியிலேர்ந்து கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. அந்தத் தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னுதான் இங்க அச்சுத் தொழில் வளர்ந்துச்சு. இன்னிக்கு பிரிண்டிங், டை பஞ்சிங், கிரீசிங், லேமினேஷன், எல்லாம் ரெண்டு தெருவுக்குள்ள முடிஞ்சுடும். போலந்துக்காரன் 1957-ல செஞ்சதைச் செய்ய இதுக்கு மேல என்ன வேணும்? ஒரு அட்டை டாங்கி கிட்டுக்கு நாலு ஷீட்டும் ஒரு டையும் போதும். பட்டாசுக்கு வருஷத்துக்கு ஒரு வழக்கு, ஒரு தடைன்னு போய்ட்டிருக்கற ஊருல, மருந்தே இல்லாத ஒரு பொருளை எவனாவது அச்சடிச்சுப் பாக்கக்கூடாதா? டாங்கி பிடிக்கலையா, பாம்பன் பாலம் போடுங்க, நீராவி இஞ்சின் போடுங்க. விக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா மர மில்லு வச்சிருந்தவனுக்கும் அன்னிக்குத் தெரிஞ்சிருக்காது.

போட்டி நடத்தறவங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. எதால செஞ்சான்னு பாக்காதீங்க, எப்படிச் செஞ்சான்னு பாருங்க. ஸ்கேலை வச்சு அளங்க, போட்டோவோட ஒப்பிடுங்க, தப்பு இருந்தா காறித் துப்புங்க. வாங்கிக்கறேன். ஆனா பெட்டியோட விலையைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீங்க.

அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னேன்னு கேக்கறீங்களா? வாயால ஒண்ணும் சொல்லலை. விஜயந்தாவோட நோட்டை எடுத்து அவன் கையில குடுத்தேன். போன ஞாயித்துக்கிழமை ஆறு சக்கரம் வெட்டி முடிச்சுட்டான். இன்னும் பதினெட்டு பாக்கி.

டிஸ்கி 1: பிளாஸ்டிக் கிட் செய்யற நண்பர்கள் மேல எனக்கு எந்தக் காண்டும் இல்லை. ஒரு லெப்பர்ட் கிட் யாராவது ஓசியில குடுத்தா இளிச்சுக்கிட்டே வாங்கிக்குவேன் :-)

டிஸ்கி 2: அர்ஜுன் லே-அவுட் ஷீட் வேணுங்கறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, சும்மாவே தர்றேன். வெட்டும்போது விரலு பத்திரம்.